பாதி ஊசி

2015 ஜூன் 29, திங்கள்

நாடு கடனில் மூழ்கியதால் வங்கிகளை மூடிவிட்டார்கள். பணம் எடுக்கும் இயந்திரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுபது யூரோதான். என் மருந்துக்கடையில் காலையிலிருந்து கூட்டம். எல்லோருக்கும் ஆறு மாத மருந்து வேண்டுமாம். ஊரில் வேறு எந்தக் கடையிலும் இன்சுலின் இல்லை. கால் கடுக்கிறது.

ஜூலை 1

அண்ணன் இலியாஸ் தன் இன்சுலினை வாங்க வந்தான். கடையில் நாலு பேர் நிற்கும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"ஞாயித்துக்கிழமை வாக்கெடுப்புல, கடன் குடுத்தவங்க நிபந்தனை 'வேண்டாம்'னு எல்லாரும் போடுங்க. யூரோவ விட்டுட்டா நம்ம பழைய காசு த்ராக்மாவே வந்துடும். ரெண்டு வருஷம் கஷ்டம், அப்புறம் தலைநிமிர்ந்து நடக்கலாம்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "இது வெளிநாட்டுலேர்ந்து வர்ற மருந்துண்ணா. த்ராக்மாவுக்கு எவன் தருவான்? அந்த ரெண்டு வருஷம் நீ எதப் போட்டுக்குவ?"

"என் ஊசியக் காட்டி என்னையே மிரட்டுறியா? கடனுக்குக் கழுத்த நெரிக்கிற ஜெர்மன்காரனே தேவலாம்டி, ஸ்தமாத்தியா."

மருந்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஜூலை 5, ஞாயிறு

'சரி' என்று போட்டேன். நாடு 'வேண்டாம்' என்றது. சதுக்கத்தில் ஒரே ஆட்டம். ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தேன்.

ஜூலை 8

மனசு கேட்காமல் அண்ணனுக்குப் போன் செய்தேன். "வீட்ல நெறைய இருக்கு," என்று வைத்துவிட்டான். வீம்புக்காரன். இருக்கும், இருக்கும்.

ஜூலை 13

யூரோவிலேயே இருக்கிறோமாம். ஜனங்கள் வேண்டாமென்றதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்கு அரசு தலையாட்டிவிட்டது. நான் நினைத்ததுதானே நடந்தது? சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

ஜூலை 20

வங்கிகள் திறந்தன. அண்ணனின் பெயர்நாள், அவன் பெயர்கொண்ட புனிதரின் திருநாள். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், வேண்டியவர்கள் வருவார்கள். போகாவிட்டால் உறவு அறுந்ததென்று அர்த்தம். போகத்தான் வேண்டுமா? — மற்றவர்கள் இனிப்பு கொண்டுபோவார்கள். நான் குளிர்ப்பெட்டியில் கிடந்த அவன் மருந்தை எடுத்துக்கொண்டேன்.

அவன் வீட்டு மேசையில் பன்னிரண்டு கோப்பைகள். ஒன்றிலும் காபிக் கறை இல்லை.

"ஊரையே 'வேண்டாம்'னு போட வச்சேன். இப்ப எவன் முகத்துல முழிக்கிறது? ஒருத்தனும் வரல."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. விரலில் குத்திப் பார்த்தேன்: சர்க்கரை நானூற்றுச் சொச்சம்.

"நெறைய இருக்குன்னியேண்ணா?"

"பாதி பாதியாப் போட்டுக்கிட்டேன்."

பத்தொன்பது நாள். என் கடைப்படி ஏறக் கூடாதென்று. அழுகை வந்தது, அழாமல் திட்டினேன். அவன் சட்டையைத் தூக்கினான். நானே அளந்து முழு ஊசியும் போட்டேன்.

பிறகு சர்க்கரை போடாமல் இருவருக்கும் காபி ஊற்றினேன். மீதிப் பத்துக் கோப்பைகளையும் கழுவாமலே அலமாரியில் எடுத்து வைத்தேன்.