கூடத்தை மறித்த பலகைகள்

கூடப் பிறக்காமலே கூடப் பிறந்தவளாகிவிட்ட என் காந்திமதி அக்கா,

உங்கள் பதினாறாம் நாள் சாப்பாட்டில் அண்ணனும் தம்பியும் ஒட்டி உட்கார்ந்தார்கள். உங்கள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும்தான். பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். 

சாலை பஜாரில் இருக்கும் கடை யாருக்கு என்பது அவர்கள் சண்டை. அதற்கு நம் ஆரியசாலை வீட்டுக் கூடத்தின் நடுவே ஏன் மறிப்பு? ஆசாரி பலகைகளை அருகருகே அடிக்கத்தான் பார்த்தார். உங்கள் வீட்டுக்காரர், பெரியத்தான், விடவில்லை.

"மரம் காஞ்சா இடுக்கு விழும். பொம்பளைக ரெண்டும் அது வழியாப் பேசிக்கிட்டே கெடக்கும். ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி அடியும் ஓய், வெளிச்சம்கூட வரப்பிடாது."

அப்படியே அடித்தார்கள். ஒவ்வொரு அயனிப் பலகையின் விளிம்பும் அடுத்ததை மூடியது, தரையிலிருந்து உத்தரம் வரை. அப்படியும் நாம் பேசாமலா இருந்தோம்?

உங்களுக்குப் பிரசவமான மறுநாள் மத்தியானம் ஆண்கள் கடையில். உங்களைக் குளிப்பாட்டிவிட்டு மருத்துவச்சி போயிருந்தாள். "வடிவு, ரத்தம் நிக்க மாட்டேங்குது, வாயேன்" என்றீர்கள். தெருவைச் சுற்றி ஓடிவந்தேன். உங்கள் வாசலில், மருத்துவச்சி போனதும் நீங்களே போட்ட உள்தாழ்ப்பாள். இப்போது உங்களால் எழுந்திருக்க முடியவில்லை.

திரும்ப ஓடிவந்து பலகையைப் பிடித்து இழுத்தேன். பிடிக்கவே விளிம்பு கிடைக்கவில்லை, அக்கா. வெட்டுக்கத்தியால் கொத்தினேன். ஒரு சில்லுதான் பெயர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் உங்கள் கதவை உடைத்தபோது குழந்தை மட்டும்தான் அழுதுகொண்டிருந்தது.

சாப்பிட்ட கையோடு பெரியத்தான் அந்தப் பலகையைத் தடவிப் பார்த்தார். "நல்ல மரம். இனி மறிப்பு எதுக்கு? மச்சு ரூம் சுவத்துல அடிச்சா பங்களா மாதிரி இருக்கும்."

"அதாக்கும் செரி, அண்ணே" என்றார் என் வீட்டுக்காரர்.

சமாதானம் ஆகிவிட்டதாம். அதற்கு நீங்கள் சாக வேண்டியிருந்ததா?

பெரியத்தான் முன்னால் நான் வாய் திறந்ததில்லை. அன்று திறந்தேன். "ஒரு பலகையும் இந்த வீட்டுச் சுவத்துல ஏறப்பிடாது. ஏறினா ரெண்டு பிள்ளையளையும் தூக்கிட்டு எங்கப்பா வீட்டுக்குப் போயிருவேன்."

"யார் முன்னால பேசுத, தெரியுதா?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

"அக்காவக் கொன்னவங்க முன்னால பேசுதேன்."

பெரியத்தான் பலகையிலிருந்து கையை எடுத்தார். மறுநாள் ஆசாரி வந்து மறிப்பைப் பிரித்தார். நானே கோடாலி எடுத்துப் பிளந்தேன். உங்கள் மகளைக் குளிப்பாட்டும் வெந்நீர் அந்த விறகில்தான் கொதிக்கிறது. என் பையனோடு சேர்த்து அவளுக்கும் நான்தான் பால் கொடுக்கிறேன்.

அவள் பெரியவளாகிக் கேட்டால், அம்மா காய்ச்சலில் போனாள் என்று சொல்லவேண்டுமாம். சொல்லமாட்டேன். நடந்ததை நடந்தபடி, அவள் அப்பாவை எதிரில் உட்காரவைத்துச் சொல்வேன். இது சத்தியம், அக்கா.

உங்கள் தங்கை,
வடிவு