கூடையில் மிஞ்சிய அரைப் பாண்

மச்சான், இன்று காலை மகள் என்னுடைய பழைய மழைக்கோட்டைத் தோய்க்கவென்று எடுத்துப் பல்கனியில் வைத்து உதறினாள். மடிப்புகளுக்குள் இருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கைப்பிடித் தூசு கொட்டியது. உடைத்த கல்லின் மணம். "எங்கையப்பா இதைப் போட்டுக்கொண்டு உருண்டனீங்கள்?" என்று கேட்டாள். நான் உருளவில்லை, மலைதான் உருண்டது என்றேன். அதற்குப் பிறகு உன்னோடு கதைக்காமல் இருக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என் பேச்சை அழகாக்கப் பார்த்தால் பேனையைக் கீழே வைக்கச் சொல்கிறேன்.

மலை விழுந்து மூன்று வருசம். நீ கண்ணை மூடி இரண்டு. நான் இப்போது மகளோடு டீட்டிகோன் பட்டணத்தில் இருக்கிறேன். யன்னலால் பார்த்தால் ரயில் பாதையும் லொறிகள் நிற்கிற பெரிய களஞ்சியங்களும்தான். நிமிர்ந்து பார்க்கும்படி ஒரு மலையும் இல்லை. ஆனாலும் விடியப்புறம் கண் முழித்ததும் என் கால்கள் அந்த மலையூரின் படிகளைத்தான் தேடுகின்றன.

நீ அந்த ஊர் விடுதியில் சமையல்காரன், நான் கோப்பை கழுவுகிறவன். ஊரில் இருந்த பேக்கரிக்காரர் வயது போய்க் கடையைப் பூட்டியபோது, விடுதியின் பின்பக்கத்தில் கிடந்த, பாண் சுடுகிற பழைய போறணையை நீ துப்புரவாக்கிப் பற்றவைத்தாய். "யாழ்ப்பாணத்திலை பாண் போட்ட கை, இவங்களுக்குப் போடாதோ?" என்றாய். சுடுகிறவன் நீ, வீடு வீடாகக் கொண்டுபோய்த் தொங்கவிடுகிறவன் நான் என்று ஆயிற்று. முப்பத்தெட்டு வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் ஓர் ஆணி, ஆணியில் ஒரு துணிப்பை. பாணைப் பைக்குள் வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போக வேண்டியதுதான்.

கதவுகளில் பெயர் எழுதியிருந்தது. நான் பள்ளிக்கூடப் பக்கம் போகாதவன், எனக்கு அந்தப் பெயர்கள் கோடுகள்தான். வீடுகளை நான் பாணால் அறிந்தேன். இரண்டு கறுப்பு ஒரு வெள்ளை, அது தச்சர் வீடு. ஒரு வெள்ளை, வெள்ளிக்கிழமை மட்டும் பின்னல் பாண், அது பள்ளிக்கூட ரீச்சர். பேரப்பிள்ளைகள் வந்தால் ஒன்று கூட, போனால் ஒன்று குறைய. ஊர்ச் சனங்கள் எனக்கு 'ப்ரோட்மா' என்று பெயர் வைத்தார்கள், பாண்காரன் என்று அர்த்தம்.

முதல் கிழமை நீ கேட்டாய்: "ஒரு லிஸ்ட் எழுதித் தரட்டோடாப்பா?"

"எழுதித் தந்தால் அதை வாசிக்க நீயும் பின்னாலை வரவேணும்," என்றேன்.

"அப்ப வேண்டாம். படி ஏறேலாது எனக்கு."

இருபது வருசத்தில் ஒரு பாண் தவறவில்லை. இதை நான் சொல்லவில்லை, நீதான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

ஊரின் மேல் அந்தத்தில், தனிவீட்டில், ரோசா ஆச்சி. எண்பத்தைந்து வயது வெள்ளைக்கார மனுசிக்கு 'ஆச்சி' என்று பெயர் வைத்ததும் நீதான். ஒவ்வொரு நாளும் அரைப் பாண் எடுப்பார். அந்த வருசம் சித்திரை மாதம் ஒருநாள் அவருடைய கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. அழகான எழுத்து. ஈஸ்டர் வாழ்த்தாக்கும் என்று நினைத்துக்கொண்டு வழமைபோல அரைப் பாணைத் தொங்கவிட்டேன். அடுத்த நாள் போனால் பாண் அப்படியே கிடந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். பழையதை எடுத்துப் புதியதை வைத்துவிட்டு வந்து உன்னிடம் சொன்னேன்.

"கோவமாக்கும் மச்சான். போன கிழமை நீ கருக்கிப்போட்டாய்."

"அது கருகல் இல்லை, அதுதான் பாணின்ரை மேல்கோது," என்று நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

மூன்றாம் நாள் பாண் இல்லை. பை நாலாக மடித்து ஆணியில் செருகியிருந்தது. நான் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, ஆச்சி உன்னை மன்னித்துவிட்டா என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் பை மடித்தபடி இருந்தது.

அந்த நாட்களில்தான் மலை கதைக்கத் தொடங்கியிருந்தது. நெருப்பு மலை என்றால் புகையைக் காட்டும். எங்களுடையது கல்லும் பனியும் கொண்ட மலை, அது கூழாங்கல்லைக் காட்டியது. முதலில் கைப்பிடியளவு, பிறகு பெட்டியளவு, பிறகு காரளவு. மலையை அளக்கிற பெண்ணொருத்தி கருவிகளோடு வந்து கீழ் வயலில் நின்றாள். ஒரு நாளைக்கு இவ்வளவு நகர்கிறது என்று கைவிரலைக் காட்டினாள். இரண்டு நாளில் விரல் முழமாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை சைரன் ஊதியது. எல்லாரும் ஒரு மணித்தியாலத்துக்குள் இறங்க வேண்டும், ஆளுக்கு ஒரு பை. எங்களுக்கு இது புதிதில்லை. சண்டைக்காலத்தில் சட்டிபானையோடு ஊரை விட்டு ஓடிய கால்கள்தானே. ஆனால் நீ அசையவில்லை. போறணைக்குள் பாண் இருந்தது.

"மலை வருதாம், வா," என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"பத்து நிமிசம். பாதி வெந்ததை விட்டிட்டு வந்தால் அங்கை சனம் என்னத்தைத் தின்னும்?"

பத்து நிமிசம் எனக்குப் பத்து வருசம். கடைசித் தட்டையும் இழுத்துக் கூடைகளில் கொட்டினாய். மாடுகள் ஏற்றிய லொறிக்குப் பின்னால், பாண் மணக்க மணக்க நாங்கள் இறங்கினோம்.

கீழ்ப் பள்ளத்தாக்கின் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் கட்டில்கள் போட்டிருந்தார்கள். வாசலில் ஊராட்சித் தலைவி ஒரு பட்டியலோடு நின்று ஒவ்வொரு பெயராக வெட்டினா. தீயணைப்புப் படைக்குத் தச்சர்தான் பொறுப்பு. அவர் வந்து, எல்லாப் பெயரும் வெட்டியாயிற்று, ஊரில் ஒருவரும் இல்லை என்றார். சனம் கைதட்டியது.

நான் பாண் கொடுக்கத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்றுதான், கீழ் வீட்டிலிருந்து மேல் வீடு வரைக்கும். கட்டில் கட்டிலாகப் போனேன். இரண்டு கறுப்பு ஒரு வெள்ளை. ஒரு வெள்ளை. மூன்று கறுப்பு. எல்லாரும் தங்கள் தங்கள் பாணை வாங்கிக்கொண்டார்கள். முடிவில் கூடைக்குள் அரைப் பாண் ஒன்று கிடந்தது.

"ரோசா எங்கை?" என்று கேட்டேன்.

"ரோசா பாசல் நகரத்தில், மகள் வீட்டில். இரண்டு கிழமையாகிறது," என்றார் தச்சர். "முழங்காலுக்கு ஒப்பரேஷன். பாண் வேண்டாம் என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறதே, நீ பார்க்கவில்லையா?"

பார்த்தேன், வாசிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று நெஞ்சுக்குள் இடித்தது. ஆச்சி பாசலில் என்றால், பாணைத் தின்றது ஆர்?

"நரி தூக்கியிருக்கும்," என்றார் தச்சர். "அந்த வீட்டை நாங்கள் தட்டிப் பார்த்தோம். யன்னல் எல்லாம் பூட்டு. ஒரு சத்தமும் இல்லை. இருந்து காப்பி குடி, ப்ரோட்மா."

என்னுடைய ஜெர்மன் மொழி குசினிக்குள் போதும், மண்டபத்துக்குள் போதாது. நான் தமிழில் உன்னிடம் சொன்னேன்: "நரி பையை நாலாய் மடிச்சு வைக்காது, மச்சான்."

நீ சிரிக்கவில்லை. அரைப் பாணைக் கூடையிலிருந்து எடுத்துக்கொண்டு நேரே தலைவியிடம் போனாய். உன்னுடைய குரலை அப்படி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "இவனுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் இருபது வருசமா ஒரு பாண் பிழைச்சதில்லை. ஒரு ஆள் திண்டது எண்டு இவன் சொன்னால், அங்கை ஒரு ஆள் இருக்கு. உங்கடை பட்டியல்தான் பிழை."

ஒரு சமையல்காரன் ஊராட்சித் தலைவியிடம் அப்படிச் சொல்கிறான். தலைவி கோபிக்கவில்லை. பாசலுக்குத் தொலைபேசி எடுத்து ஆச்சியிடம் கேட்டா. வீட்டில் ஒருவரும் இல்லையென்று ஆச்சி அடித்துச் சொன்னா. தலைவி எங்களைப் பார்த்து இல்லையென்று தலையை ஆட்டினா. தொலைபேசியை வைக்கப்போன நேரம் நீ கையை நீட்டித் தடுத்தாய்.

"வீட்டுத் திறப்பு எங்கை இருக்கெண்டு கேளுங்கோ."

பூச்சட்டிக்குக் கீழே என்றா ஆச்சி.

"அது ஆருக்குத் தெரியும்?"

பிறகு ஆச்சியின் குரல், கிட்ட நின்ற எனக்கும் கேட்டது: "என் தம்பிக்கு."

தம்பியோடு பதினொரு வருசமாகப் பேச்சில்லையாம். மேலே மேய்ச்சல் நிலத்துக் குடிலில் தனியே இருக்கிறவர். பதிவு வேறு ஊராட்சியில், ஆகையால் எங்கள் பட்டியலில் பெயர் இல்லை. காதும் கேளாது. சைரனும் கேட்டிருக்காது, கதவில் தட்டியதும் கேட்டிருக்காது.

தச்சரின் முகம் சுண்ணாம்பாகிப் போனது. அவர் வானொலிக் கருவியில் மலையை அளக்கிற பெண்ணைக் கூப்பிட்டார். அரை மணித்தியாலம், அதற்குமேல் ஒரு நிமிசமும் இல்லை என்றாள் அவள். தச்சரும் இன்னொருவரும் ஜீப்பில் ஏறினார்கள்.

நீயும் நானும் வாசலில் நின்றோம். மேலே கல் உருளும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. இரண்டு பேரை நான் அங்கே அனுப்பிவிட்டேனே, ஒரு மடித்த பையை நம்பி. உண்மையில் நரிதான் என்றால்?

"எத்தினை நாள் மடிச்சிருந்தது?" என்று நீ கேட்டாய்.

"ஒன்பது."

"ஒன்பது நாளும் நாலாயோ?"

"நாலாய்த்தான்."

"அப்ப பேசாமல் நில்."

இருபத்தேழாவது நிமிசம் ஜீப் வளைவில் தெரிந்தது. முன்னால் தச்சர், பின்னால் போர்வைக்குள் தாடியோடு ஒரு கிழவர், கால் வீங்கிப்போய். குடிலில் கல் விழுந்து கால் அடிபட்டு, அக்காவோடு கோபம் என்றாலும் போக வேறு இடமில்லாமல் வந்து படுத்திருக்கிறார். எங்கள் பாணும் ஆச்சியின் சீஸும்தான் சாப்பாடு. அவரை இறக்கியதும் தச்சர் என்னைக் காட்டி, இவர்தான் பாண் கொண்டுவந்தவர் என்று கையால் விளங்கப்படுத்தினார். கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஊருக்கே கேட்கும்படி, "கோது கருகல்," என்றார்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நீதான் எல்லாரிலும் பெரிதாகச் சிரித்தாய். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாய், நான் கண்டேன்.

மலை அடுத்த நாள் மத்தியானம் வந்தது. முதலில் காற்று, பிறகு சத்தம், பிறகு சாம்பல் நிறச் சுவர் ஒன்று பள்ளத்தாக்கை மூடிக்கொண்டு நடந்து வந்தது. கோட்டுகளோடு வெளியே நின்ற எல்லாரும் ஒரே நிறமானோம். தூசு அடங்கியபோது ஊர் இருந்த இடத்தில் ஊர் இல்லை. விடுதி இல்லை, உன் போறணை இல்லை, முப்பத்தெட்டு ஆணிகளும் இல்லை. ஆற்றை மண் மறித்து, மிஞ்சிய கூரைகளைத் தண்ணீர் விழுங்கியது. பெரிய பெரிய மனிதர்கள் குழந்தைபோல அழுதார்கள். நீ என் தோளில் கை போட்டுச் சொன்னாய்: "ஊர் போச்சு. ஆக்கள் இருக்கினம். எங்களுக்கு யாழ்ப்பாணத்திலை இது வாய்க்கேல்லை, இங்கை வாய்ச்சிருக்கு." அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதமே.

பிறகு சனம் சிதறியது. சிலர் இன்டர்லாக்கனில், சிலர் இன்னும் கீழே, பிள்ளைகள் ஆளுக்கொரு பள்ளிக்கூடத்தில், மாடுகள் ஆருடையதோ தொழுவங்களில். நீ இன்டர்லாக்கன் ஹோட்டல் குசினி ஒன்றில் வேலை பிடித்தாய். சனிக்கிழமைகளில் முதலாளியிடம் கேட்டு அந்த முப்பத்தெட்டு வீட்டுக்கும் பாண் சுட்டாய். "இனி உனக்குப் படி ஏறுற வேலை இல்லை, பஸ் ஏறுற வேலை," என்றாய். பஸ்ஸின் பெயர்ப் பலகை வாசிக்கத் தெரியாத நான் இலக்கத்தையும் நிறத்தையும் வளைவுகளையும் பாடமாக்கி எல்லாரையும் தேடிப் போனேன். ஆர் எந்த மாடியில், ஆருடைய மனம் எப்படி, எல்லாம் உனக்கு வந்து சொன்னேன். நீ ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும், "சொல்லடா பாப்பம்," என்பாய். கீழ் வீட்டிலிருந்து தொடங்குவேன். பன்னிரண்டாம் வீடு வருமுன் நித்திரையாகிவிடுவாய்.

போன மாதம் என்னை வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். மலை எட்டாத மறுபக்கச் சரிவில் முதல் வீடுகளுக்குக் கூரை போட்டாயிற்று. சிதறிய சனமெல்லாம் வந்திருந்தது. பாசலிலிருந்து ரோசா ஆச்சியும், அவருடைய கையைப் பிடித்தபடி தம்பியும். இப்போது இருவரும் ஒரே வீட்டில், ஒரு நாளைக்கு மூன்று தரம் சண்டையாம்.

தலைவி பேச எழுந்தா. கையில் பட்டியல். அதை வாசிக்கப்போனவ, மடித்து மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "ப்ரோட்மா, நீங்கள் கூப்பிடுங்கள்."

நான் எழுந்து நின்றேன், மச்சான். எழுத்துத் தெரியாத நான், இருநூறு பேருக்கு முன்னால். கீழ் வீட்டிலிருந்து தொடங்கினேன். பெயர் சொல்லவில்லை. "இரண்டு கறுப்பு ஒரு வெள்ளை," என்றேன். "ஹீ," என்றார் தச்சர். அவர்களுடைய பேச்சில் இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். "ஒரு வெள்ளை, வெள்ளிக்கிழமை பின்னல்." "ஹீ." வீடு வீடாக மேலே ஏறினேன். ஒவ்வொரு வீடும் எழுந்து நின்றது. "அரைப் பாண்," என்றேன். ஆச்சி தம்பியின் விலாவில் இடிக்க, அவர் எழும்பிக் கூரை அதிரச் சொன்னார். முப்பத்தெட்டும் முடிந்தது. ஒன்றும் குறையவில்லை.

அதன் பிறகு விடுதியைக் கூப்பிட்டேன். அங்கே இருந்தது நாங்கள் இரண்டு பேர். எனக்கு நானே "ஹீ" என்றேன். பிறகு உனக்காகவும் ஒரு தரம் சொன்னேன். தலைவி மேசையில் கிடந்த தாளை எடுத்துப் பேனையைத் திறந்து, கடைசியில் இரண்டு வரி சேர்த்து எழுதினா. பட்டியல் பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை.