சாமினியின் வெள்ளவத்தை முகவரி

டோஹா
2024 ஜூன் 9

அன்புள்ள அக்கா,

வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் நீங்கள் திறந்தும் பார்ப்பதில்லை. அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். நான் நல்ல சுகம். வெயில்தான் ஆளைத் தின்கிறது.

விஷயம் மகள் சாமினியின் பள்ளிக்கூடம். ஜனவரியில் முதலாம் தரம். ரூபிகாவும் பிள்ளையும் இருக்கும் கொட்டாஞ்சேனை முகவரியில் விண்ணப்பம் போட்டால் நல்லது எதுவும் கிடைக்காது. உங்கள் மாடி வீட்டிலிருந்து அந்தப் பெண்கள் பாடசாலைக்கு முந்நூறு மீற்றர். ஐந்து வருடமாக அந்த வீட்டை எங்களுக்குக் குத்தகைக்குத் தந்திருப்பதாக ஒரு பத்திரம் வேண்டும். பழைய திகதி போட்டுப் பத்திரம் எழுதித் தர ஒரு நொத்தாரிசை ரூபிகா பிடித்துவிட்டாள். உங்கள் கையெழுத்துத்தான் பாக்கி.

எல்லோரும் செய்வதுதான்.

உங்கள் தம்பி,
பிரியந்தன்

வெள்ளவத்தை
2024 ஜூன் 16

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கண்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. தண்ணீர் நிறையக் குடி.

அப்பா கல்விக் கந்தோரில் முப்பது வருடம் லிகிதராக இருந்து இப்படியான பத்திரங்களைத் திருப்பி அனுப்பியவர். அப்படி ஒன்றில் நான் கையெழுத்து வைப்பதா? வேறு உதவி எதுவும் கேள்.

அன்புடன்,
அக்கா

டோஹா
2024 ஜூன் 20

அன்புள்ள அக்கா,

அப்பா நல்ல மனிதர். அந்த நல்லதனத்துக்கு விலை கொடுத்தது யார்? எனக்காகத் தன் வெள்ளவத்தை முகவரியைத் தரப் பெரியப்பா தயாராக நின்றார். அப்பா கும்பிட்டு மறுத்தார். நான் உயர்தரக் கணிதத்துக்கு ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்து வெளியே வந்தேன். உங்களுக்குப் புலமைப்பரிசில், பெரிய பள்ளிக்கூடம், பிறகு பேராதனைப் பல்கலைக்கழகம். நேர்மை உங்களுக்கு ஒரு நாளும் செலவு வைக்கவில்லை அக்கா. நான் நாற்பது வயதில் இங்கே ஒரு களஞ்சியத்தில் பெட்டி எண்ணுகிறேன்.

என் பிள்ளைக்கும் அதுதானா?

பிரியந்தன்

வெள்ளவத்தை
2024 செப்டெம்பர் 15

அன்புள்ள தம்பி,

நேர்மை எனக்குச் செலவு வைக்கவில்லை என்று எழுதினாய். அதனால்தான் ஜூனில் கையெழுத்து வைத்தேன். இனி நடந்ததையும் கேள்.

நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு ஆசிரியைகள் முகவரி சரிதானா என்று வீடு பார்க்க வந்தார்கள். ரூபிகா முதல் நாளே சாமினியின் உடுப்பையும் விளையாட்டுச் சாமான்களையும் கொண்டுவந்து வீடெல்லாம் பரப்பிவிட்டாள். என் புத்தகங்கள் கட்டிலுக்குக் கீழே போயின. நான் தெஹிவளையில் இருப்பதாகவும், சும்மா வந்து நிற்பதாகவும் ஏற்பாடு.

“மகள் எங்க படுக்கிறவ?” என்று ஓர் ஆசிரியை கேட்டார். சாமினி என் கட்டிலைக் காட்டினாள். அது சொல்லிக் கொடுத்தது.

“அப்ப இவ ஆர்?”

“இது மாமி. இடைக்கிடை வாறவ. வந்தா போகமாட்டா, அம்மாவுக்குக் கரைச்சல்.”

அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆசிரியைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் படியிறங்கியதும் ரூபிகா பிள்ளையைத் தூக்கி, “என்ர கெட்டிக்காரி” என்று கொஞ்சினாள். எனக்கு அருவருப்பாக இருந்தது. பிள்ளையை நினைத்து அல்ல. ஐந்து வயதுப் பிள்ளையின் பொய்க்கு ஒத்து ஊதிச் சிரித்த என் முகத்தை நினைத்து.

அக்கா

டோஹா
2024 நவம்பர் 4

அன்புள்ள அக்கா,

தற்காலிகப் பட்டியலில் சாமினியின் பெயர் பதினோராவது. இந்த நன்றியை நான் எந்தக் காலமும் மறக்கமாட்டேன். முன்பள்ளி வான்காரர் வேடிக்கைக்கு வீடு எங்கே என்று கேட்டால் அவரிடமும் வெள்ளவத்தை என்கிறாளாம். ரூபிகா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

கையெழுத்துப் போட்டதை நினைத்து மனம் வருந்தவேண்டாம். யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை.

பிரியந்தன்

வெள்ளவத்தை
2024 நவம்பர் 10

அன்புள்ள தம்பி,

நட்டம் கீழ் மாடியில் இருக்கிறது. ஹமீமாவும் ஹாஷிமும் ஆறு வருடமாக அங்கே வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களுடைய மகள் பர்ஹாவும் அதே பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் போட்டவள். பட்டியலில் இல்லை. அந்தக் கீழ் வீட்டின் சொந்தக்காரர் வரிக்குப் பயந்து குத்தகையைப் பதியவில்லை. இங்கேயே இருக்கிற பிள்ளைக்குப் பத்திரம் இல்லை. இல்லாத பிள்ளைக்குச் சகல பத்திரமும் இருக்கிறது.

வியாழக்கிழமை ஹமீமா ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பம் கொண்டு வந்தாள்.

“மருமகளுக்குக் கெடச்சாமே மிஸ். சந்தோஷம். நீங்க யாரப் புடிச்சீங்க? எங்களுக்கும் சொல்லுங்க. சின்னவ ஈக்கிறாளே, அவளுக்காவது சரியா செய்யலாம்.”

சாமினி இங்கே இல்லையென்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்தப் படியில் அவள் ஆசிரியைகள் வந்த நாளில் மட்டும் கண்ட பிள்ளை. ஆனாலும் கோபம் இல்லை. வழி தெரியாமல் இருந்தது தன் பிழை என்று வெட்கப்பட்டாள். என்னைப் பெரிய கெட்டிக்காரியாகப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் நான் ஒருவேளை பேசாமல் இருந்திருப்பேன்.

பட்டியலுக்கு ஆட்சேபணை தெரிவிக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். எழுதிவிட்டேன். பத்திரம் பொய், கையெழுத்து என்னுடையது, வீட்டில் இருப்பது நான் ஒருத்தி மட்டும் என்று. வெள்ளிக்கிழமை பதிவுத்தபாலில் போய்விட்டது. பர்ஹாவுக்கு அந்த இடம் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. இன்னொரு பொய்ப் பத்திரத்துக்கும் போகலாம். எனக்கு என்ன வரும் என்பதும் தெரியாது.

உன் பிள்ளைக்கு நான் செய்தது துரோகம்தான். அதைச் சின்னதாக்கிச் சொல்லமாட்டேன். அவள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் பின்னேரங்களில் கொட்டாஞ்சேனைக்கு வந்து நான் படிப்பிக்கிறேன். உயர்தரம் முடியும்வரை. கோபப்படு. ஆனால் பதில் எழுது.

உன் அக்கா,
ஜெகதீஸ்வரி

டோஹா
2024 நவம்பர் 29

அக்காவுக்கு,

சாமினியின் பெயரை வெட்டிவிட்டார்கள். படிப்பிக்க வரவேண்டாம்.

கீழ் வீட்டுக்காரர் உங்களுக்கு நல்லாய்க் காசு தந்திருப்பார்கள் என்று ரூபிகா சொல்கிறாள். எவ்வளவு என்றுதான் அவளுக்கும் அவளுடைய அண்ணனுக்கும் இரண்டு நாளாக வாக்குவாதம். வேறு காரணம் ஒன்று இருக்கலாம் என்பது அவர்களுடைய தலைக்குள் போகவில்லை. நானும் திருத்தவில்லை.

ஒரு சதமும் வாங்கியிருக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்பாவின் வீட்டில் வளர்ந்தவன்தான். அப்பா எனக்குச் செய்ததை நீங்கள் என் பிள்ளைக்குச் செய்துவிட்டீர்கள். காசு வாங்கியிருந்தால் உங்களோடு கதைத்திருப்பேன்.

பிரியந்தன்