தண்ணீர் தெளித்த கிடா

ஏனுங்க மாமா,

ஒடிசாவில் போர் போடும் ரிக் வண்டியோடு நிற்கும் உங்களுக்குப் போனிலேயே சொல்லியிருப்பேன். நான் வாயைத் திறந்தாலே நீங்கள்தான் வைத்துவிடுகிறீர்களே!

உங்கள் அண்ணன் நேற்று மேச்சேரிக் கிடாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். குலசாமிக்கு வெட்டாம், நீங்களும் ஒப்புக்கொண்டீர்களாம்.

"நீ சும்மா வந்து கும்புட்டு நின்னாப் போதும் அம்மிணி, சொந்தத்துல சேத்துக்கறோம். இல்லாட்டி எந்தம்பி இந்த ஊட்டுக்கே வரமாட்டான்" என்றார்.

தண்ணீர் தெளித்ததும் கிடா தலையை ஆட்டினால்தானே சம்மதம் என்று வெட்டுவார்கள்?

"எம்மேல ஏற்கெனவே தண்ணி பட்டாச்சுங்க. ஞானஸ்நானத்துல முழுசா முக்கிட்டாங்க. இனி யாருக்கும் தலையாட்ட மாட்டேனுங்க" என்றேன். மனிதர் காப்பியைக்கூடக் குடிக்கவில்லை.

நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தானே முங்கினோம்? உங்களுக்கு மட்டும் அதற்குள் காய்ந்துவிட்டதா?

நான் ஒன்றும் புனிதவதி அல்ல. பிரசங்கத்தில் குறட்டை விடுகிறவள். நான் பாடினால் பாஸ்டர் கண்ணை மூடிக்கொள்வது ஜெபத்துக்காக அல்ல. ஆனாலும் தூங்கினால் அங்கேதான் தூங்குவேன்.

வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். ஞாயிறுதோறும் ஆண்கள் பக்கம் உங்கள் இடத்தில் உங்கள் வேதப்புத்தகத்தை வைத்துவிட்டுத்தான் நான் உட்காருகிறேன். வேறு யாராவது அங்கே உட்கார வந்தால், பாடிவிடுவேன்.

இப்படிக்கு,
இன்னும் ஈரம் காயாத
உங்கள் வீட்டுக்காரி