அடுப்புச் சுவரில் ஒரு கை

மார்ச் 3

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. முப்பத்தொரு வருடம் கழித்து, "வரலாமா அக்கா?" என்று கேட்கிறாய். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் எதையும் மறக்கிறவள் இல்லை. அம்மா செத்தது செவ்வாய்க்கிழமை, மழை. தந்தி கொடுத்தும் நீ வரவில்லை. இனி என் கையால் உனக்கு ஒரு வாய் ரொட்டி கிடையாது என்று அன்றைக்கே சொன்னேன்.

உள்சுவரில் மாவை ஒட்டி ரொட்டி சுடுகிற நம் மண் அடுப்பு அப்படியேதான் இருக்கிறது. சாவதற்கு முந்தின மாதம் அம்மா உள்சுவருக்குக் களிமண் பூசினாளே, ஈரத்தில் அவள் கை பதிந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. அங்கே ஒட்டுகிற ரொட்டியின் முதுகில் ஐந்து விரலும் எழும்பி வரும். அதை நான் விற்பதில்லை. தட்டில் வைத்து அம்மாவோடு பேசிவிட்டுத்தான் கடை திறப்பேன். "ஆயா சுவரோட சண்டை போடுது" என்று பேத்தி சிரிக்கிறாள். சிரிக்கட்டும். சில நாள் அம்மா பதில் சொல்கிறாள்.

நீ வர வேண்டாம்.

அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்கா,

வேண்டாம் என்றால் வரவில்லை. தந்தி நாலு நாள் கழித்துத்தான் கிடைத்தது என்றாலும் நம்பமாட்டாய்.

ஆனால் அந்தக் கை என்னுடையது. அன்று அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். நீ பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாய். நான்தான் அடுப்புக்குள் தலையை விட்டுப் பூசினேன். வழுக்கிக் கையை ஊன்றிவிட்டேன். "அக்காகிட்ட சொல்லாதடி. நீ பூசினதுன்னா உடைச்சுட்டுத் திரும்பப் பூசுவா" என்றாள் அம்மா.

உன் தங்கை

ஏப்ரல் 2

அடியே,

பொய் என்று கிழித்துப்போடத்தான் பார்த்தேன். பிறகு அடுப்பை ஆறவிட்டு, விளக்கோடு உள்ளே குனிந்தேன். அம்மாவுக்குச் சுண்டுவிரல் கோணல். இதில் நேராக இருக்கிறது. தினமும் பார்த்த கண்ணை என்ன செய்வது?

அம்மாவிடம் சொல்வதாக நினைத்து உன்னைத் திட்டின திட்டையெல்லாம் உன் கையிடமே சொல்லியிருக்கிறேன். ஒரு வாய் தரமாட்டேன் என்றவள் தினமும் உனக்கே தட்டு வைத்திருக்கிறேன். ஆத்திரத்தில் இன்று அந்த ரொட்டியை முதலில் வந்தவனுக்கு விற்றுவிட்டேன்.

அது கிடக்கட்டும். இத்தனை நாள் எனக்குப் பதில் சொன்னது யார்? சுவர் முழுக்கத் தடவிப் பார்த்தேன், அம்மா எங்கேயும் இல்லை. இனிமேல் பேசுவதில்லை என்று வாயை மூடிக்கொண்டு மாவை ஒட்டினேன். உள்ளேயிருந்து அவள் குரல்தான் கேட்டது: "சின்னவ சாப்பிட்டாளாடி?"

நான் என்ன சொல்லட்டும்? கிளம்பி வா.

அக்கா