மீன் பெட்டிக்குள் வோல்ட் மீட்டர்

அன்புள்ள சகினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மேற்கு மாம்பலத்தில் நான் நலம். உம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறதா? நம் பிள்ளை அஃப்ராஸ் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?

வேலை நேரம் போக அறையில் செய்துகொண்டிருந்தேனே, அந்த வோல்ட் மீட்டர் முடிந்துவிட்டது. கொஞ்சம் சூடு பட்டாலும் அதன் கடைசி இலக்கம் ஆடும். சூடு மாறாமல் காக்கும் லேப் பெட்டிக்குக் கடைக்காரர் ஒரு பைக்கின் விலை சொன்னார். நேரே சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய், மீன்காரம்மாவிடம் தெர்மகோல் பெட்டி கேட்டேன்.

"இன்னா நைனா, மீன் வோணாமா, பொட்டி மட்டும் போதுமா?" என்றவர், அரைக் கிலோ சங்கரா மீனையும் தலையில் கட்டிவிட்டார்.

பெட்டியை நன்றாகக் கழுவி மீட்டரை உள்ளே வைத்து, எண் காட்டும் திரையை மட்டும் ஒயர் இழுத்து மேசைமேல் வைத்தேன். நேற்று எண் தானாக ஏறிக்கொண்டே போனது. எந்தச் சிப்புக்கு இனி தண்டம் அழவேண்டுமோ என்று கட்டிலடியிலிருந்த பெட்டியை இழுக்கக் குனிந்தால், மீன் வாசனைக்கு வந்த பூனை அதன்மேல் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

விரட்டியதும் எண் இறங்கிவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்தாலும் கொஞ்சம் ஏறுகிறது. அறையில் ஆள் இல்லையென்றால் அசைவதே இல்லை.

உன் பழைய போர்வை ஒன்று அனுப்பு. பெட்டியைச் சுற்றத்தான்.

வேலைக்குப் போகும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அஃப்ராஸுக்கு லீவு விட்டதும் இருவரும் கிளம்பி வாருங்கள். மூன்று பேர் இருக்கிற அறையில் அந்த எண் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.

ரெஹான்