காய்த்த தண்டுகள்

லயத்து வீட்டுக்குப் பின்னால் இருக்கும் உன் முள்செடி வேலியை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்று காலை உன் மனைவி தொலைபேசியில் சொன்னாள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன், உண்மைதான் என்றார். செடி தேயிலைக்குள் பரவுகிறதாம். வேலி போனால் காட்டுப்பன்றி வரும், மரவள்ளி போகும். அந்த மரவள்ளியில்தான் அவள் அரை மாதத்தை ஓட்டுகிறாள்.

தெரணியகலைக்கு மேலே அந்தச் சரிவில் முள்ளுப்பழச் செடியை வரிசையாக நட்டவன் நீ. உன் ஆடு அதன் கொழுந்தை விடாமல் கடித்தது. கடிக்கக் கடிக்கச் செடி கிளைத்தது, தண்டு இறுகியது, விரல் வைக்க இடமில்லாமல் முள் விட்டது. பன்றி மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். பழம் அதன் பேரில் மட்டும்தான்.

உனக்கு அது போதவில்லை. கடைவீதியில் அந்தச் சிவப்புப் பழத்துக்கு ஆள் இருக்கிறது என்று ஆட்டை மறுபக்கம் கட்டினாய். எருவைக் கூடை கூடையாகக் கொட்டினாய்.

"முள்ளு வேணுமா, பழம் வேணுமா? ஒன்ன சொல்லுங்க" என்றாள் உன் மனைவி.

"ரெண்டும் வேணும்டி. உன்னையும் வச்சிக்கிட்டு ஆட்டையும் வளக்கலையா?"

"ஆடாச்சும் சொன்னா கேக்கும்."

அந்த மழைக்குச் செடி ஆள் உயரத்தைத் தாண்டியது. இலை தழைத்தது, முள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது, பழம் இல்லை. மறு வருடம் அதே தண்டுகள் கொத்துக் கொத்தாகக் காய்த்தன. யட்டியாந்தோட்டை வரை கொண்டுபோய் விற்றாய். காய்த்து முடிந்த தண்டுகள் செத்தன. அந்தச் செடியின் இயல்பு அது. ஆடு கடித்த காலத்தில் எந்தத் தண்டும் காய்க்கும் வயதை எட்டவில்லை, அதனால் வேலியும் சாகவில்லை. தண்டுகள் செத்த இடங்களில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டைகள். பன்றிகள் மரவள்ளியைக் கிளறிப் போட்டன.

ஆட்டைத் திரும்பக் கொண்டுவந்து கட்டியிருக்கலாம். நீ ஓட்டைக்குக் குறுக்கே கம்பி இழுத்துக் கட்டுத்துவக்கு கட்டினாய். கம்பியில் கால் பட்டால் துப்பாக்கி வெடிக்கும். வேண்டாம் என்றேன். "பன்னிக்குத்தான் மச்சான். எங்க இருக்குன்னு நமக்குத் தெரியாதா?" என்றாய்.

அடுத்த பருவத்தில் ஓட்டையின் ஓரத்தில்தான் பழம் அதிகம். வெயில் அங்கேதான் விழுந்தது. குருவிகள் முந்திவிடும் என்று விடியும்போதே போய், வேலியின் வெளிப்பக்கமாகக் குனிந்து பறித்துக்கொண்டே நகர்ந்திருக்கிறாய். உன் கம்பியில் உன் கால்தான் பட்டது. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. லொறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே நீ போய்விட்டாய். மரண விசாரணையில் உன் சட்டையில் இருப்பதெல்லாம் இரத்தமா என்று கேட்டார்கள். பாதி பழச்சாறு.

கருமாதி முடிந்த மறுநாள் உன் மனைவி காய்க்க இருந்த தண்டுகளையெல்லாம் வெட்டிவிட்டு, ஆட்டை வேலியில் கட்டினாள். வேலி திரும்ப இறுகியது. அதன் பிறகு அதில் யாரும் பழம் பார்த்ததில்லை.

உன்னை நினைக்கும்போது இரக்கம் வர வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம்தான் வருகிறது. உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுதான்.

செடியை வெட்டுவதோடு விடுவதா, வேரோடு பிடுங்குவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. திங்கட்கிழமை தோட்டத்துத் துரை வந்து பார்த்துச் சொல்வாராம். "வேர விட்டாங்கன்னா போதும் அண்ணே," என்றாள் உன் மனைவி, "மிச்சத்த ஆடு பாத்துக்கும்."